ஆதித்த கரிகாலன் கொலை: நாவல் வாசகர்களின் தீர்ப்பும் உடையார்குடிக் கல்வெட்டும்

கல்கியின் 'பொன்னியின் செல்வன்' முடிந்து எழுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் அதன் வாசகர்கள் இன்னும் விட்டுவிடாத கேள்வி ஒன்று உண்டு. ஆதித்த கரிகாலனைக் கொன்றது யார்? காதல், பயணம், நகைச்சுவை, அரசியல் சூழ்ச்சி என்று பல இழைகள் கொண்ட அந்த நாவலை ஒரு கொலை மர்மக் கதையாகவும் படிக்க முடியும் என்பதற்கு இந்த ஓயாத கேள்வியே சான்று. நாவலின் மூன்றாம் பாகத்துக்கே 'கொலை வாள்' என்று பெயர். ஆனால் வழக்கமான துப்பறியும் கதையில் கடைசி அத்தியாயத்தில் அவிழும் முடிச்சு இதில் அவிழ்வதில்லை. அவிழாத அந்த முடிச்சைப் பற்றி வாசகர்கள் சொல்லிவந்த தீர்ப்புகள் நாளடைவில் நாவலைத் தாண்டி வரலாற்றுக்குள்ளும் புகுந்துவிட்டன. அங்கே அவை பத்தாம் நூற்றாண்டில் உண்மையாக வாழ்ந்த மனிதர்கள் மீது குற்றச்சாட்டாக நிற்கின்றன. இதனால்தான் நாவல் எங்கே முடிகிறது, கல்வெட்டு எங்கே தொடங்குகிறது என்று பார்ப்பது அவசியமாகிறது.

தொடர்கதையும் வாசகர் மனக்குறையும்

'பொன்னியின் செல்வன்' கல்கி வார இதழில் 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை தொடராக வெளிவந்தது. புது வெள்ளம், சுழற்காற்று, கொலை வாள், மணிமகுடம், தியாக சிகரம் என்று ஐந்து பாகங்கள். மணியத்தின் ஓவியங்களோடு வாரந்தோறும் வந்த கதையை மூன்றரை ஆண்டுகள் காத்திருந்து படித்த வாசகர்களுக்கு முடிவு வந்தபோது மனக்குறை ஏற்பட்டது. கதை அவசரமாக முடிந்துவிட்டது, பாத்திரங்கள் பின்னால் என்ன ஆனார்கள் என்று தெரியவில்லை என்று பலர் கருதினர். அந்த மனக்குறைக்குப் பதில் சொல்லும் வகையில் கல்கி தனியே ஒரு முடிவுரை எழுத வேண்டி வந்தது. முழுக் கற்பனைக் கதையை ஓரிடத்தில் சுபமாகவோ சோகமாகவோ முடித்துவிடலாம். வரலாற்று நாவலில் பாத்திரங்கள் கதைக்குப் பிறகும் வாழ்ந்துகொண்டிருப்பார்கள், ஆகவே எங்காவது நிறுத்தத்தான் வேண்டும் என்பது அவர் தரப்பு வாதத்தின் சாரம். சில பாத்திரங்களின் பிற்கால வாழ்வைச் சுருக்கமாகச் சொல்லியும் இருக்கிறார். வாசகர் கருத்து ஒரு நாவலின் பின்னிணைப்பாகவே ஆகிவிட்ட அரிய நிகழ்வு இது. அதே ஆண்டு டிசம்பர் 5ஆம் நாள் கல்கி காலமானார். தொடர்ச்சி எழுதவோ மேலும் விளக்கம் தரவோ அவருக்குக் காலம் வாய்க்கவில்லை. பின்னாளில் விக்கிரமன் 'நந்திபுரத்து நாயகி'யை இக்கதையின் தொடர்ச்சியாக எழுதினார்.

கடம்பூர் மாளிகையில் நின்றவர்கள்

நாவலில் கொலை நடப்பது சம்புவரையரின் கடம்பூர் மாளிகையில். கரிகாலன் இறக்கும் நேரத்தில் அந்த அறையிலும் அதன் மறைவிடங்களிலும் சந்தேகிக்கத்தக்கவர்கள் பலரைக் கல்கி கொண்டுவந்து நிறுத்திவிடுகிறார். வீரபாண்டியன் சாவுக்குப் பழிவாங்கக் காத்திருக்கும் நந்தினி, அவள் கணவர் பெரிய பழுவேட்டரையர், ஒளிந்திருக்கும் வந்தியத்தேவன், அவனை நேசிக்கும் மணிமேகலை, வெளியே ரவிதாசனின் கூட்டம். எல்லோருக்கும் மேலாக, வாழ்வில் பிடிப்பற்றுப் போன கரிகாலனே இருக்கிறான். கத்தி யார் கையிலிருந்து பாய்ந்தது என்பது மட்டும் வாசகருக்குத் தெளிவாகக் காட்டப்படுவதில்லை. உடலருகே அகப்பட்ட வந்தியத்தேவன் மீது பழி விழுகிறது; அவன் சிறையில் அடைக்கப்படுகிறான். பின்னர் பெரிய பழுவேட்டரையர் தாமே குற்றவாளி என்கிறார். மணிமேகலையோ தான்தான் கொன்றேன் என்று பிடிவாதமாகச் சொல்கிறாள். துப்பறியும் கதைகளில் குற்றத்தை மறுப்பவர்கள் மலிந்திருப்பார்கள். இங்கே குற்றத்தை ஏற்க முந்துகிறார்கள். அதனாலேயே எந்த ஒப்புதலையும் நம்ப முடியாமல் போகிறது.

இந்த ஏற்பாட்டைப் பற்றி வாசகர்கள் பல தரப்பாகப் பிரிந்திருக்கிறார்கள். பெரிய பழுவேட்டரையரின் வாக்குமூலத்தை அப்படியே ஏற்பவர்கள் ஒரு சாரார். கிழவர் வந்தியத்தேவனைக் காப்பாற்றவும், தம் குலத்தின் மீதான களங்கத்தைத் தம்மோடு கொண்டுபோகவும் அவ்வாறு சொன்னார் என்பது அவர்களுக்கு மறுப்பு. நந்தினியே கொன்றாள் என்போர் உண்டு. ஆனால் அவள் கை கடைசிக் கணத்தில் தயங்கியதாகத்தான் அவளை விரும்பிப் படித்த வாசகர்கள் எண்ண ஆசைப்படுகிறார்கள். கரிகாலன் தன் முடிவைத் தானே தேடிக்கொண்டான் என்னும் கருத்து மூன்றாவது. காயம்பட்டுக் கிடந்த வீரபாண்டியனை, நந்தினி கெஞ்சியும் கேளாமல் வெட்டிய நினைவு அவனைத் தின்றுகொண்டிருந்தது என்று நாவல் திரும்பத் திரும்பச் சொல்வதால் இதற்கும் இடமிருக்கிறது.

இன்னொரு வகை வாசகர்கள் கொலையாளியைத் தேடுவதில்லை. ஆசிரியரைக் குறை சொல்கிறார்கள். இத்தனை நுணுக்கமாகப் பின்னிய கதையில் முக்கியமான முடிச்சை மட்டும் அவிழ்க்காமல் விட்டது வாசகரை ஏமாற்றுவது அல்லவா என்பது அவர்கள் வாதம். வார இதழ்த் தொடரின் நெருக்கடியை இதற்குக் காரணமாகக் காட்டுபவர்களும் இருக்கிறார்கள். அந்தக் குறை சரியானதாகத் தோன்றவில்லை. கல்கி நம்பிய வரலாற்று நூல்களே கொலையின் பின்னணியைப் பற்றி ஒத்துப்போகவில்லை. நீலகண்ட சாஸ்திரியும் சதாசிவ பண்டாரத்தாரும் மாறுபட்டு நின்ற இடத்தில் நாவலாசிரியர் திட்டமாகத் தீர்ப்புச் சொல்லியிருந்தால் கதை நிறைவு பெற்றிருக்கலாம். ஆனால் வரலாற்று மனிதர் ஒருவர் நிரந்தரக் குற்றவாளியாகியிருப்பார்.

வீராணம் ஏரிக்கரையில் ஒரு சுவர்

வந்தியத்தேவன் ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரை வழியே குதிரையில் வருவதோடு நாவல் தொடங்குகிறது. அந்த ஏரிதான் இன்றைய வீராணம். அதன் அருகிலுள்ள காட்டுமன்னார்கோயிலின் ஒரு பகுதி உடையார்குடி. அங்குள்ள அனந்தீசுவரர் கோயிலின் சுவரில் ஆதித்த கரிகாலன் கொலையைப் பற்றிப் பேசும் கல்வெட்டு இருக்கிறது. 1920இல் கல்வெட்டுத் துறையினரால் படியெடுக்கப்பட்ட இதை நீலகண்ட சாஸ்திரி 'எபிகிராபியா இண்டிகா' 21ஆம் தொகுதியில் பதிப்பித்தார். கதைநாயகன் முதல் அத்தியாயத்தில் கடந்துபோகும் ஏரியின் பக்கத்திலேயே கொலையாளிகளின் பெயர்ப்பட்டியல் கல்லில் நிற்கிறது. கல்கி இதை எண்ணித்தான் கதையை அங்கே தொடங்கினாரோ என்று தோன்றும், உறுதியாகச் சொல்வதற்கில்லை.

அன்று அவ்வூரின் பெயர் வீரநாராயணச் சதுர்வேதிமங்கலம். பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட பெரிய பிரமதேயம். இராசகேசரி பட்டமுடைய மன்னரின் 2ஆம் ஆட்சியாண்டில், அவ்வூர்ச் சபைக்கு அரசர் அனுப்பிய ஆணையைக் கல்வெட்டு குறிப்பிடுகிறது. மன்னரின் இயற்பெயர் இல்லை. சோழர் இராசகேசரி, பரகேசரி என்ற பட்டங்களை மாறிமாறிப் புனைந்தவர்கள். சுந்தர சோழனும் இராசகேசரிதான். ஆனால் அவனது 2ஆம் ஆண்டில் கரிகாலன் உயிரோடிருந்தான். உத்தம சோழன் பரகேசரி. எனவே இந்த இராசகேசரி, 985இல் அரியணை ஏறிய முதலாம் இராசராசனே என்று கொள்ளப்படுகிறது.

ஆணையின் செய்தி இதுதான். பாண்டியன் தலைகொண்ட கரிகால சோழனைக் கொன்று துரோகிகளானவர்கள் என்று சோமன், அவன் தம்பி ரவிதாசனான பஞ்சவன் பிரமாதிராசன், அவன் தம்பி பரமேசுவரனான இருமுடிச்சோழ பிரமாதிராசன் ஆகியோர் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகிறார்கள். அவர்கள் உடைமையோடு அவர்களுடைய உடன்பிறந்தார், மக்கள், தாய், மாமன்மார், பெண் கொடுத்துப் பெண் எடுத்த உறவினர் என்று ஒரு பெருங்கூட்டத்தின் உடைமையும் பறிமுதல் செய்யப்படுகிறது. அப்படிப் பறிக்கப்பட்ட நிலத்தில் ஒரு பகுதியை வியாழகசமல்லன் பல்லவரையன் என்பவர் பொன் கொடுத்து வாங்கி அறத்துக்கு வைத்தார். கல்லில் வெட்டப்பட்டதன் நேரடி நோக்கம் அந்த அறக்கொடைதான். நிலத்தின் உரிமை எப்படி வந்தது என்று சொல்லும் இடத்தில்தான் கொலைச் செய்தி வருகிறது. ஓர் இளவரசனின் கொலை ஒரு கிரயப் பத்திரத்தின் முன்வரலாறாக நமக்குக் கிடைத்திருக்கிறது.

கல்வெட்டு சொல்லாதவற்றையும் கவனிக்க வேண்டும். எங்கே கொன்றார்கள், எப்படிக் கொன்றார்கள், ஏன் கொன்றார்கள், யார் தூண்டினார்கள் என்று எதுவும் இல்லை. கடம்பூர் மாளிகை கல்கி அமைத்த களம். நந்தினியும் மணிமேகலையும் கற்பனைப் பாத்திரங்கள். வந்தியத்தேவர் குந்தவையின் கணவர் என்ற அளவில் கல்வெட்டுகளில் தெரிபவர். அவர் மீது கொலைப்பழி விழுந்ததாக எந்தச் சான்றும் கிடையாது. பழுவேட்டரையர்கள் சோழரோடு மணவுறவு கொண்ட உண்மையான சிற்றரசர்கள். அவர்களையும் இக்கொலையோடு சேர்க்கும் சான்று இல்லை. நாவலில் சந்தேகத்துக்கு ஆளாகும் முதன்மைப் பாத்திரங்களில் கல்வெட்டிலும் குற்றவாளியாக நிற்பவன் ரவிதாசன் ஒருவனே.

ரவிதாசன் மந்திரவாதியானது

கல்கி கல்வெட்டுப் பெயர்களை எடுத்துக்கொண்டு ஆட்களை மாற்றிவிட்டார். ரவிதாசன் காட்டில் ஆந்தைபோல் குரல் எழுப்பும் மந்திரவாதியாகவும், பாண்டிய மன்னனின் ஆபத்துதவியாகவும் வருகிறான். சோமன், சோமன் சாம்பவனாகிறான். பரமேசுவரன், தேவராளன் என்ற மாற்றுப் பெயரோடு திரிகிறான். கல்வெட்டிலோ இவர்கள் காடுறை மனிதர்கள் அல்லர். பிரமாதிராசன் என்பது அரசுப் பணியில் உயர்ந்த பிராமணர்களுக்கு வழங்கப்பட்ட பட்டம். அண்ணன் தம்பிகளாக நிலபுலத்தோடு ஒரு சதுர்வேதிமங்கலத்தில் வேரூன்றிய குடும்பத்தினர் அவர்கள்.

இந்த மாற்றத்தைக் குறித்து வாசகர்களிடையே கசப்பான விவாதம் நெடுங்காலமாக உண்டு. கொலையாளிகள் பிராமணர் என்பதைக் கல்கி மறைத்தார் என்று ஒரு சாரார் குற்றம் சாட்டுகின்றனர். கொலைகாரர்களுக்கு மரண தண்டனை இல்லாமல் உடைமைப் பறிப்போடு இராசராசன் விட்டதற்கும் சாதியே காரணம் என்பது அதன் தொடர்ச்சி. கல்வெட்டில் மரண தண்டனை பேசப்படவில்லை என்பது உண்மை. பிராமணருக்குக் கொலைத் தண்டனை விதிக்காமல் உடைமை பறித்து வெளியேற்றுவது தர்மசாத்திர மரபு என்பதும் தெரிந்ததே. எனினும் நில ஆவணம் ஒன்றில் நிலத்தைப் பற்றிய தண்டனைதான் பதிவாகும். மூவரின் உயிர் என்ன ஆயிற்று என்பதற்கு அது சாட்சியமாகாது. கொலையை ஒரு சாதியின் சதியாக விரிப்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும்: சுந்தர சோழனின் முதலமைச்சராக இருந்து அன்பில் செப்பேட்டின்வழி நிலம் பெற்ற அநிருத்த பிரமராயரும் பிராமணரே. அரண்மனையின் நம்பிக்கைக்குரியவர்களும் அதன் துரோகிகளும் ஒரே அதிகார வட்டத்திலிருந்து வந்தவர்கள் என்பதற்கு மேல் இதில் எதையும் நிறுவ முடியாது. இருந்தாலும் கல்கி மீதான குற்றச்சாட்டில் ஒரு பாதி நிற்கிறது. அரசு அதிகாரிகளை மந்திரவாதிகளாக்கியதால், சோழ ஆட்சியின் உள்ளிருந்தே எழுந்திருக்கக்கூடிய ஒரு சதியை வாசகர்கள் வெளிப்பகைவரின் வேலையாக மட்டும் பார்க்கப் பழகிவிட்டார்கள்.

பாண்டியப் பழிவாங்கல் என்ற காரணத்துக்கு வரலாற்றுத் தரப்பில் சொல்லப்படும் சான்று 'பஞ்சவன்' என்ற சொல். அது பாண்டியனைக் குறிக்கும். ஆகவே ரவிதாசன் பாண்டிய நாட்டு அதிகாரி என்பர். வீரபாண்டியனின் தலையைக் கொண்டுவந்து வெற்றித்தூண்போல் தன் நகரில் நாட்டிவிட்டு ஆதித்தன் விண்ணுலகு சென்றதாகத் திருவாலங்காட்டுச் செப்பேடு கூறுவதையும் இதனோடு இணைத்துப் பார்ப்பார்கள். தலை கொண்ட செயலுக்கும் அடுத்து வரும் சாவுக்கும் தொடர்பிருந்தால் வியப்பில்லை. ஆனால் பட்டப்பெயரை மட்டும் வைத்துப் பேசுவது பலவீனமான வாதம். சோழர்கள் பாண்டியரை வென்ற பெருமையில் அப்பெயரைத் தாங்களே சூடினார்கள். இராசராசனின் தேவியருள் ஒருவர் பஞ்சவன் மாதேவி. தம்பி பரமேசுவரனின் பட்டத்தில் இருப்பது 'இருமுடிச்சோழ' என்பது. ஒரே வீட்டு உடன்பிறந்தாரில் ஒருவரைப் பாண்டியர் ஆளென்றும் மற்றவரைச் சோழர் ஆளென்றும் பிரிப்பது எளிதல்ல.

உத்தம சோழன் மீதான வழக்கு

வாசகர் தீர்ப்புகளில் மிகக் கடுமையானது உத்தம சோழன் மீது விழுந்தது. இதைத் தொடங்கிவைத்தவர் நாவல் வாசகரல்ல. வரலாற்றறிஞர் நீலகண்ட சாஸ்திரி. 'சோழர்கள்' நூலில் அவர் இக்கொலையில் உத்தமனுக்குப் பங்கிருந்திருக்கலாம் என்று எழுதினார். அவர் வாதத்தின் படிகள் இவை. கரிகாலன் 969 அளவில் இறந்தான். 970 அளவில் தொடங்கி 985 வரை ஆண்டவன் உத்தமன். கொலையாளிகள் மீதான நடவடிக்கை இராசராசனின் 2ஆம் ஆண்டில்தான் பதிவாகிறது. இடைப்பட்ட பதினைந்து ஆண்டுகள் உத்தமன் ஏன் சும்மா இருந்தான்? கரிகாலன் சாவால் பயனடைந்தவனும் அவன்தானே? இவற்றோடு திருவாலங்காட்டுச் செப்பேட்டின் செய்தியும் சேர்கிறது. ஆதித்தன் மறைந்தபின் மக்கள் அருண்மொழியை அரசேற்க வேண்டினர். சிற்றப்பனுக்கு ஆட்சியில் ஆசை இருக்கும்வரை தான் அதை விரும்புவதில்லை என்று அவன் மறுத்தான் என்கிறது செப்பேடு. ஆசை இருந்தது என்று சோழரின் சொந்தச் செப்பேடே சொல்வதாக சாஸ்திரி எடுத்துக்கொண்டார்.

தி. வை. சதாசிவ பண்டாரத்தார் 'பிற்காலச் சோழர் சரித்திர'த்தில் இதை ஏற்கவில்லை. அண்ணன் மகனைக் கொல்லச் சதி செய்தவனாக உத்தமன் இருந்திருந்தால் மக்களும் அதிகாரிகளும் அவன் ஆட்சியை ஏற்றிருக்க மாட்டார்கள் என்பது மறுப்புத் தரப்பின் முதல் வாதம். இராசராசனின் நடத்தை இன்னும் வலுவான சான்று. உத்தமனின் தாய் செம்பியன் மாதேவி, பேரன்முறை இராசராசன் காலத்திலும் பெருமதிப்போடு கோயில் திருப்பணிகள் செய்துவந்தார். உத்தமனின் மகன் மதுராந்தகன் கண்டராதித்தன் இராசராசன் ஆட்சியில் கோயில் நிருவாகத்தை மேற்பார்க்கும் அதிகாரியாக இருந்தார். உடையார்குடி ஆணை கொலையாளியின் மாமன்மாரைக்கூட விட்டுவைக்கவில்லை. அப்படிப்பட்ட அரசு, சதியின் தலைவன் என்று கருதியவனின் மகனை உயர்பதவியில் வைத்திருக்குமா?

பதினைந்து ஆண்டு மௌனம் என்ற வாதத்திலும் ஓட்டை உண்டு. கல்வெட்டில் காணும் ஆண்டு, பறிக்கப்பட்ட நிலங்களின் விவகாரம் முடிக்கப்பட்ட ஆண்டு. அதற்குமுன் விசாரணையோ தண்டனையோ நடக்கவேயில்லை என்று கல்வெட்டு எங்கும் சொல்லவில்லை. பெரிய உறவுக்கூட்டம் ஒன்றின் நிலங்களைக் கண்டறிந்து, சபையின் வழியாக விற்று முடிப்பது ஒரே நாளில் நடக்கும் காரியமும் அல்ல. கல்வெட்டின் மௌனத்தை உத்தமனின் மௌனமாகப் படித்ததுதான் சாஸ்திரியின் வாதத்தில் மெலிந்த இடம். இந்த அளவு சான்றை வைத்துக்கொண்டு எந்த ஊர்ச்சபையும் உத்தமனைத் தண்டித்திருக்காது.

இந்த வழக்கில் கல்கி சொன்ன தீர்ப்பு பெரும்பாலான வாசகர்கள் கவனிக்காமல் கடந்துபோவது. கொலையாளி யார் என்று அவர் சொல்லவில்லை. ஆனால் யார் அல்ல என்று சொல்லிவிட்டார். நாவலில் அரியணைக்கு ஆசைப்பட்டுச் சிற்றரசர்களோடு கூடிச் சதி செய்யும் மதுராந்தகன் உண்மையில் கண்டராதித்தரின் மகனே அல்லன். குழந்தைப் பருவத்தில் இடம் மாறி வளர்ந்தவன். உண்மையான பிள்ளை, பூத்தொண்டு செய்யும் சிவபக்தன் சேந்தன் அமுதன். அவனே கடைசியில் உத்தம சோழனாக முடிசூடுகிறான். சாஸ்திரி உத்தமன் மீது வைத்த சந்தேகத்தை எடுத்துக் கல்கி இரண்டு கூறாக்கினார். ஆசையை ஒருவனிடமும் அரியணையை இன்னொருவனிடமும் கொடுத்தார். வரலாற்று உத்தமன் கறைபடாமல் தப்பினான். செப்பேட்டில் ஒரு வரியாக வரும் அருண்மொழியின் மறுப்பு, 'தியாக சிகரம்' என்ற முழுப் பாகமாக விரிந்தது. ஆள்மாறாட்டம் நம்பும்படி இல்லை என்று முகம் சுளிக்கும் வாசகர்கள் உண்டு. கதைக்கலையின் நோக்கில் அது சரியான குறைதான். ஆனால் அந்த நம்பமுடியாத திருப்பத்துக்குப் பின்னால் இறந்துபோன ஓர் அரசன் மீது ஆதாரமின்றிக் கொலைப்பழி சுமத்தக்கூடாது என்ற முடிவு இருக்கிறது.

பிற்காலத் தீர்ப்புகள்

கல்கி திறந்துவைத்த கதவு வழியே பிற நாவலாசிரியர்களும் நுழைந்தனர். பாலகுமாரனின் 'உடையார்' இராசராசன் ஆட்சியை மையமாகக் கொண்டு, கரிகாலன் கொலையின் பின்விளைவுகளையும் பிராமண அதிகாரிகளின் பகையையும் தொடுகிறது. காலச்சக்கரம் நரசிம்மாவின் 'சங்கதாரா' இக்கொலையையே பொருளாகக் கொண்டு, கல்கி வாசகர்கள் கனவிலும் நினைக்காத குந்தவையின் பக்கம் சந்தேகத்தைத் திருப்புகிறது. அந்த நாவலுக்கு வந்த எதிர்வினைகளில் இலக்கிய மதிப்பீட்டைவிட மனம் புண்பட்ட குரலே மிகுதி. நந்தினியைக் கொலைகாரி என்றால் பொறுத்துக்கொள்ளும் வாசகர், குந்தவையைச் சொன்னால் பொறுப்பதில்லை. கற்பனைப் பாத்திரத்துக்கு மானநட்டம் கிடையாது என்பதால் அல்ல. குந்தவையையும் அவர்கள் கல்கியின் எழுத்து வழியாகவே அறிந்திருக்கிறார்கள் என்பதால்தான். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் கொடையாளியாக நிற்கும் குந்தவைக்காக வழக்காடுவதாக எண்ணிக்கொண்டு, நாவலின் இளைய பிராட்டிக்காக வழக்காடுகிறார்கள்.

மணிரத்னம் இயக்கிய திரைப்படத்தின் முதல் பாகம் 2022இலும் இரண்டாம் பாகம் 2023இலும் வெளிவந்தபோது, நாவலைப் படிக்காத ஒரு தலைமுறைக்கும் இக்கேள்வி போய்ச் சேர்ந்தது. படத்தைப் பார்த்துவிட்டு நாவலைத் தேடியவர்கள் அங்கும் விடை இல்லாதது கண்டு திகைத்தார்கள். அவர்களில் சிலர் கல்வெட்டைத் தேடினார்கள். அங்கே விடையில் ஒரு பாதி இருக்கிறது: பெயர்கள் உண்டு, காரணம் இல்லை.

சோமனின் தம்பி ரவிதாசன் கத்தியைப் பிடித்தவனா, பிடிக்கச் சொன்னவனா, உடந்தையாக இருந்தவனா என்பதைக்கூட 'கொன்று துரோகிகளான' என்ற தொடர் பிரித்துக் காட்டவில்லை. அந்தப் பட்டியலில் குற்றவாளிகளின் தாயும் மாமனும் மருமக்களும் எதையும் அறிந்திருந்தார்களா என்று கேட்ட வாசகர் மிகச் சிலரே. நாவலில் அவர்களுக்கு இடமில்லை. வீரநாராயணச் சதுர்வேதிமங்கலத்தில் அவர்கள் வாழ்ந்த மனைகளும் உழுவித்த நிலமும் பல்லவரையன் பெயருக்கு மாறின. அந்தக் கிரயத்தின் கணக்கு உடையார்குடிக் கோயில் சுவரில் இருக்கிறது.